போகாத ஊரின் பேய்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்று ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அதன் வாசலில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்தால், யாரோ போய்விட்டார் என்றோ, எதையோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றோதான் நினைக்கத் தோன்றும். இரண்டும் இல்லை. உள்ளே சைக்கிளுக்குப் பேய் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். சொல்லக்கூடிய ஆள்தான் நான். ஆனால் இந்தக் கதையில் அந்த வேலையை வேறொருவர் முழுநேரமாக எடுத்துக்கொண்டுவிட்டதால், உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

முதலில் அந்தச் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் என்பது ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குவதற்கான வண்டி என்று நம்பிய பழைய ஆள் நான். இப்போது அப்படியில்லை. இருப்பதிலேயே விலை கூடிய சைக்கிளாகப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கியதும் பின்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாத்திவிடுகிறார்கள். சக்கரம் போன வண்டியின் பின்பக்கத்தைத் தரையில் நிற்கும் ஓர் இரும்பு யந்திரத்தில் மாட்டுகிறார்கள். அதற்கு டிரெய்னர் என்று பெயர். அதிலேயே பல்சக்கரங்கள் ஓர் அடுக்காக இருக்கும். சங்கிலியை அதில் கோத்து, ஏறி உட்கார்ந்து, உயிர் போக ஒரு மணி நேரம் மிதித்தால், ஏறிய இடத்திலேயே பத்திரமாக இறங்கலாம். இதே பயணத்தை நான் சாய்வு நாற்காலியில் வியர்க்காமல் செய்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய ஞாபகத்தில் சக்கரத்தை மறுபடி மாட்டிச் சாலைப் பக்கம் போய்வருவார்கள். திங்கட்கிழமை திரும்பவும் டிரெய்னர். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

திங்கட்கிழமை ஏறி மிதித்தால், பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கடக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. கடக். சமயத்தில் சங்கிலி தானாகவே ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். மிதித்தவர் திடுக்கிட்டு முன்னால் சாய்வார். நாலைந்து சைக்கிள்கள் சேர்ந்து கடகடத்த ஒரு காலையில், ஆறாவது மாடியில் ஒரு வீட்டுச் சுவர்க்கடிகாரம் தன்னைவிடச் சத்தமாக யாரோ ஓடுகிறார்கள் என்று வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் காப்பீட்டு ஏஜென்ட், பேய் விரட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தார். ஏஜென்ட் இரண்டாவது மாடிக்காரர். மனிதருக்கு எப்போது சாவு வரும் என்று பேசியே வாழ்கிறவர். அவர் கூட்டிவந்தவரை எல்லோரும் 'தூரத்து ஐயா' என்றார்கள். ஜடாமுடி, கமண்டலம் எல்லாம் பழைய மோஸ்தர் என்று ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. உடம்போடு ஒட்டிய கறுப்புச் சைக்கிள் உடுப்பு, விரல் நுனி வெளியே தெரியும் அரைக் கையுறை, ஒழுங்காகக் கத்தரித்த வெள்ளைத் தாடி, கழுத்தில் ஒரு வெள்ளி விசில். பார்த்தால் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு முக்தியும் வாங்கி வந்தவர்போல இருந்தார்.

"சைக்கிள் எதுக்குப் பிறந்தது?" என்று கேட்டார் ஐயா.

"போறதுக்கு" என்றார் ஏஜென்ட், ஒத்திகை பார்த்ததுபோல.

"நீங்க என்ன பண்றீங்க? சக்கரத்தைப் பிடுங்கி, கட்டிப்போட்டு, ஓடு ஓடுன்னு விரட்டுறீங்க. தினம் இத்தனை கிலோமீட்டர் மிதிச்சேன்னு பெருமை வேற. அந்தத் தூரமெல்லாம் எங்க? ரோட்டுல இல்ல. வீட்டுல இல்ல. அப்ப எங்க போச்சு?"

வியர்வையாகப் போச்சு என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த ஒரே நாற்காலி என்னுடையது. உண்மை பேசி அதை இழக்க நான் என்ன மடையனா?

"வண்டிக்குள்ளயேதான் இருக்கு!" என்றார் ஐயா, குரலைத் தாழ்த்தி. "போகாத தூரம். அது உள்ள அடைபட்டு, வெளிய விடு வெளிய விடுன்னு தட்டுது. கடக், கடக்... கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது. குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்ங்க இந்தச் சைக்கிள், எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியது" என்றார்.

போகாத ஊருக்கு வழி சொல்பவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். போகாத ஊரிலிருந்தே பேயைக் கூட்டிவந்தவரை அன்றுதான் பார்த்தேன்.

சடங்கு தொடங்கியது. திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைக்க வேண்டும்; பேய்க்கு வெளிச்சம் கூசும். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, தாங்கள் போக ஆசைப்பட்டுப் போகாத ஊர்களின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். முக்கியமாக, தலையில் ஹெல்மெட் மாட்டியிருக்க வேண்டும். வெளியேறும் பேய், பக்கத்தில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதில் புகுந்துவிடுமாம். நகராத சைக்கிளின் முன்னால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, இந்த ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டது.

ஐயா சைக்கிளின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு மண்டியிடுவார். "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். பிறகு விசில். பிறகு அடுத்த சைக்கிள். கடைசியில் ஒவ்வொரு சைக்கிள்காரரின் காதுமடலையும் இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு. அதற்கு 'முத்திரை' என்று பெயர். விளக்கைப் போட்டு, ஏறி மிதித்துப் பார்த்தால் சத்தம் இல்லை! வண்டி வெண்ணெயில் கத்தி போனதுபோல ஓடும். மன்னிக்கவும், நிற்கும்.

காணிக்கை குவிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாலைக்குப் போனவர்கள் அலறிக்கொண்டு திரும்பினார்கள். சாலையில் கடக்! டிரெய்னரில் விட்டுப்போன பேய் தெருமுனையில் காத்திருந்து தொற்றிக்கொண்டதாம். ஐயா கலங்கவில்லை. சனிக்கிழமை மாலை, சக்கரம் மாட்டியபின் ஒரு 'வழியனுப்பு'. திங்கட்கிழமை காலை, சக்கரம் கழற்றியபின் ஒரு 'வரவேற்பு' என்று ஏற்பாடு செய்துவிட்டார். போகும்போது ஒரு காணிக்கை, வரும்போது ஒரு காணிக்கை. சுங்கச்சாவடிக்காரர்கள் வந்து அவரிடம் தொழில் கற்றுப்போனதாகக் கேள்வி.

பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கிரீச்சிடும் தையல் இயந்திரத்தைத் தூக்கிவந்தார். மூன்றாவது மாடிக்காரர் தன் மாமியாரின் சக்கர நாற்காலியையே கொண்டுவந்தார், மாமியாரோடு. ஐயா கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, "சத்தம் வண்டியில இல்லப்பா, பயணிகிட்ட" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

இது இப்படியே போயிருந்தால் எனக்கும் பொழுது போயிருக்கும். இடையில் ஜட்ஜ் ஐயா வந்து மாட்டிக்கொண்டார்.

ஜட்ஜ் ஐயா ஓய்வுபெற்ற நீதிபதி. சாட்சி இல்லாமல் ஒரு கோழித் திருடனைக்கூட உள்ளே அனுப்பாதவர் என்று பெயர் வாங்கியவர். போன வருடம் அவருக்கு நெஞ்சு அடைத்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "தினமும் அரை மணி நேரம் மிதிக்கணும். விட்டீங்கன்னா, மறுபடி என் மேஜை மேலதான் சந்திப்போம்." அதற்காகவே ஒரு சைக்கிள் வாங்கி டிரெய்னரில் மாட்டினார். அவர் சாலைக்கே போவதில்லை. தினமும் வருவார், மிதிப்பார், இறங்குவார். நானும் அவரும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவர் வண்டியிலும் கடக்.

தூரத்து ஐயா துணியைப் போர்த்தினார். ரீங்கரித்தார். விசிலடித்தார். விளக்கைப் போட்டு மிதித்தால், கடக். மறுபடி துணி, மறுபடி விசில். மறுபடியும் கடக். ஐயாவின் நெற்றியில் முதன்முறையாக உழைத்த வியர்வை தெரிந்தது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. கையிலிருக்கும் ஒரே வித்தை பலிக்காவிட்டால் வித்தைக்காரன் என்ன செய்வான்? நோயாளியின் மேல் பழியைப் போடுவான்.

ஐயா ஜட்ஜின் மார்பில் உள்ளங்கையை வைத்தார். "இது தூரத்துப் பேய் இல்ல. உங்க இதயத்தோட சத்தம். வண்டி வழியா வெளிய கேக்குது. ஒரு கடக்குக்கு ஒரு துடிப்பு கழியுது. நான் சொல்ற வரைக்கும் மிதியில காலை வைக்காதீங்க!"

ஜட்ஜ் ஐயா இறங்கினார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கொலைக்குற்றவாளியின் கண்ணைப் பார்த்துத் தீர்ப்பு வாசித்த மனிதர், ஒரு சங்கிலிச் சத்தத்துக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்தார்.

சில வாரம் கழித்து, லிஃப்ட் பழுதான ஒரு மாலையில் அவரைப் படிக்கட்டில் பார்த்தேன். ஒரு மாடி ஏறியதும் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையை வெகுநேரம் படித்தார். அந்தப் பலகையில் 'குப்பை போடாதீர்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. மூச்சு சரியானபின், புரிந்துகொண்டவர்போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மாடிக்கு ஏறினார்.

பின்னால் வந்த அவருடைய மனைவியும் அதைப் பார்த்தார். அவர் பல் டாக்டர். அவர் சொன்னால் ஊரே வாயைத் திறக்கும்; வீட்டுக்காரர் மட்டும் மூடிக்கொள்வார். அன்று என்னையும் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"ஏங்க, இன்னைக்காவது மிதிச்சீங்களா?"

"கடக்குங்குது."

"கடக்குன்னா?"

"கழியுது."

"படியில நின்னு மூச்சு வாங்குறீங்களே, அப்ப கழியலையா?"

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான் இப்படிப் பேசுற."

"எனக்கு நம்பிக்கை இருந்தா, பூச்சி விழுந்த பல்லுக்கு முன்னாடி விசிலடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். பெரியவரே, நீங்க எந்திரிங்க. டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

நான் எழுந்தேன். எந்தக் கலவரத்துக்கும் நான் டார்ச் பிடிக்கத் தயங்கியதில்லை.

கூடம் காலியாக இருந்தது. டாக்டரம்மா கீழே உட்கார்ந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கைப்பிடிக் கண்ணாடியை எடுத்து, வீட்டுக்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் நீட்டினார். பல்சக்கர அடுக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். மொத்த அடுக்கும் லொடலொடத்தது.

"பாத்தீங்களா? ஆடுற பல்லு. பிடிச்சு வைக்கிற வளையம் லூசாயிருக்கு. இதை விசிலடிச்சு நிக்கவைக்க முடியுமா?"

மறுநாள் சைக்கிள் கடையிலிருந்து அந்த வளையத்துக்கான சாவியை வாங்கிவந்து இறுக்கினார். என்னை ஏற்றி மிதிக்கவைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு என் முழங்காலை நான் சந்தித்தது அன்றுதான். என் முழங்கால் மட்டுமே கடக் என்றது, வண்டி மூச்சுவிடவில்லை.

அவர் அதோடு நிறுத்தவில்லை. வரிசையாக நின்ற மற்ற சைக்கிள்களின் பின்புறத்தையும் கண்ணாடியால் பார்த்தார். ஒரு சைக்கிளில் ஏதோ ஒன்றைத் தொட்டார், கையால் மிதியைச் சுற்றினார், காது கொடுத்துக் கேட்டார், மறுபடி தொட்டார். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பையில் போட்டார். எதற்குச் சிரிப்பு என்று கேட்டேன். "திங்கக்கிழமை சொல்றேன்" என்றார்.

சத்தம் நின்ற செய்தியை ஜட்ஜ் ஐயா உடனே தூரத்து ஐயாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நின்னுடுச்சா? ஐயையோ. வெளிய இருந்தது உள்ள போயிடுச்சு. இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

"ஆக, சத்தம் வந்தா பேய்" என்றார் டாக்டரம்மா. "வராட்டி, பெரிய பேய். ஏங்க, உங்க கோர்ட்டுல ஒரு வக்கீல் இப்படி வாதம் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஜட்ஜ் ஐயா சங்கடத்தோடு நெளிந்தார். "அது கோர்ட்டு. இது என் நெஞ்சு."

கேலி எல்லாம் வடிந்துபோன குரலில் அந்த அம்மாள் கேட்டார்: "எந்தச் சாட்சி கொடுத்தா மிதிப்பீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவரும் யோசித்துத்தான் சொன்னார். "கையும் களவுமா பிடிச்சுக் காட்டு."

திங்கட்கிழமை, கூட்டம் வருவதற்கு வெகு முன்பே டாக்டரம்மா ஒரு குட்டிப் புட்டியும் பஞ்சுக் குச்சியுமாகக் கூடத்துக்குள் நுழைந்தார். காற்றாடிக்கு அடியில் நாற்காலியைப் பிடிக்க அவருக்கும் முன்பே வந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு சைக்கிளின் பின்னாலும் குனிந்து, எதிலோ கொஞ்சம் தடவினார்.

"என்ன டாக்டரம்மா அது?"

"பல்லைச் சரியா துலக்காதவங்களுக்குப் போடுற மை. சீக்கிரம் காயாம இருக்க கிளிசரின் கலந்திருக்கேன். எங்க அழுக்கு இருக்கோ அங்க ஒட்டிக்கும். பொய்யே சொல்லாது."

"அப்ப இந்தக் கூடத்துல அது ஒண்ணுதான்" என்றேன்.

கூட்டம் வந்தது. ஹெல்மெட்டுகள் வந்தன. ஜட்ஜ் ஐயாவும் மனைவி இழுத்த இழுப்புக்கு வந்து, கதவோரம் நின்றார். தூரத்து ஐயா வெள்ளி விசில் மின்ன நுழைந்தார். திரை விழுந்தது, விளக்கு அணைந்தது. போகாத ஊர்களின் பெயர்கள் சந்தைக்கடைபோல ஒலிக்க, ரீங்காரமும் விசிலும் வண்டிக்கு வண்டி நகர்ந்தன. கடைசியில் காது திருகும் கட்டம் நடப்பது, "ஆ", "ஸ்" என்ற பக்திச் சத்தங்களில் தெரிந்தது.

விளக்கு எரிந்தது. ஏறி மிதித்தார்கள். ஒரு வண்டியிலும் சத்தமில்லை. கைதட்டல் கூரையைத் தொட்டது. செயலாளர் திரும்பி ஏஜென்ட்டைப் பார்த்தார்.

"தம்பி, உன் காதுல என்ன?"

"என் காதுலயா? உங்க காதைப் பாருங்க அண்ணே!"

எல்லோரும் எல்லோர் காதையும் பார்த்தார்கள். ஒவ்வொரு காதுமடலிலும் பளீரென்று ஊதா நிறம். காதில் பூ சுற்றுவது என்று பேச்சுக்குத்தான் சொல்வார்கள். ஒரு கூட்டமே வரிசையாகப் பூ வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாரக் கண்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

"ஐயா, உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அரைக் கையுறைக்கு வெளியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவசரத்தில் ஐயா தாடியைத் தடவிக்கொண்டார். தாடியும் ஞானம் பெற்றது. ஆனால் அவர் சாதாரண ஆளா? கையை உயரத் தூக்கினார்.

"பேயோட ரத்தம்!"

"ஆகா!" என்றது பாதிக் கூட்டம். ஏஜென்ட் தன் காதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூட நம்பிக்கை பூனையைப் போன்றது. எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினாலும் நாலு காலில்தான் விழும்.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அதில் முப்பது வருட நீதிமன்றம் இருந்தது.

"ரத்தம் வேற எங்க பட்டிருக்கு?" என்றார் ஜட்ஜ் ஐயா. "செயலாளரே, குனிஞ்சு பாருங்க. சங்கிலியில இருக்கா?"

"இல்லைங்க."

"பல்சக்கரத்துல?"

"இல்லைங்க."

"பின்ன எங்கதான் இருக்கு?"

செயலாளர் துழாவினார். "பின்னாடி, கியர் கேபிள் வந்து முடியுற இடத்துல ஒரு குட்டித் திருகு இருக்குங்க. அது மேல மட்டும். எல்லா வண்டியிலயும் அதே இடம்."

"ஆச்சரியமான பேய்" என்றார் ஜட்ஜ். "அடிபட்டா எல்லாத்துக்கும் ஒரே இடத்துல அடிபடுது."

டாக்டரம்மா புட்டியைத் தூக்கிக் காட்டினார். "அது பேயோட ரத்தம் இல்ல, என் கிளினிக் மை. காலையில நான்தான் தடவினேன். இப்ப இந்தத் திருகு என்ன பண்ணும்னு பாருங்க. ஏஜென்ட் தம்பி, ஏறி மிதிங்க."

ஏஜென்ட் மிதித்தார். சத்தமில்லை. டாக்டரம்மா குனிந்து திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். கடக்! ஏஜென்ட் துள்ளினார். எதிர்ப்பக்கம் அரைச் சுற்று. அமைதி.

"வா" என்றார் டாக்டரம்மா. கடக். "போ." அமைதி. "வா." கடக். "போ." நடத்துநர் விசிலுக்குப் பேருந்து நிற்பதுபோல, பேய் வந்தது, போனது. இவ்வளவு அடக்கமான பேயை நான் எங்கும் பார்த்ததில்லை.

"ரோட்டுச் சக்கரத்துல இருக்கிற பல்லு ஒரு இடம். டிரெய்னர்ல இருக்கிற பல்லு அதுலேர்ந்து ஒரு மயிரிழை தள்ளி. மாத்தி மாட்டினா சங்கிலி சரியா உக்காராம பக்கத்துப் பல்லை உரசும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாட்டி உங்களுக்குக் கடக்குங்காதா? அதேதான். இந்தத் திருகைத் திருப்பினா சங்கிலி அந்த மயிரிழை நகரும். சனிக்கிழமை இந்தப் பக்கம் அரைச் சுற்று, திங்கக்கிழமை அந்தப் பக்கம் அரைச் சுற்று. இதுக்கா இருட்டு, இதுக்கா விசில்?"

"பொய்!" என்றார் தூரத்து ஐயா. "என் சக்தி வேற, திருகு வேற!"

"நல்லது" என்றார் ஜட்ஜ் ஐயா. "வேற வேறன்னா பிரிச்சுப் பாத்துடலாம்." ஒரு காலுறையை வாங்கி அந்தத் திருகின்மேல் இறுக்கக் கட்டச் சொன்னார், டாக்டரம்மா மறுபடி 'வா' என்று பேயை வரவழைத்த நிலையிலேயே. "திருகைத் தொடாம விரட்டுங்க. விளக்கு எரியட்டும். நாங்க சுவரைப் பாக்கப் போறதில்ல."

ஐயா ரீங்கரித்தார். கடக். விசிலடித்தார். கடக். முகம் சிவக்க, தாடி ஊதாவாக, மூச்சு முட்ட ஊதினார். கடக், கடக், கடக். மிதித்த ஏஜென்ட்டுக்கே அலுத்துவிட்டது.

"நம்பிக்கை இல்லாதவங்க இருக்கிற இடத்துல சக்தி வேலை செய்யாது" என்றார் ஐயா, விசிலை விட்டுவிட்டு.

"திருகு வேலை செய்யுதே ஐயா. அது யாரையும் நம்பிக்கை இருக்கான்னு கேக்கலையே" என்றார் ஜட்ஜ்.

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. முதலில் சக்கர நாற்காலி மாமியார்தான். இந்தச் சிரிப்புக்காக ரொம்ப நாள் காத்திருந்தவர்போல.

ஜட்ஜ் ஐயா தன் சைக்கிளருகே போனார். ஏறி உட்கார்ந்தார். மிதியில் கால் வைக்கப் போனவர் நிறுத்தி, தன்னையறியாமல் மார்பைத் தொட்டுக்கொண்டார். அவர் மனைவி பக்கத்தில் போய் நின்றார்.

"கடக்குன்னா சொல்லுங்க. இறுக்கிடலாம். உங்களை இல்ல, வண்டியை."

அவர் மிதித்தார். மெதுவாக, பிறகு ஒழுங்காக. வண்டியில் சத்தமில்லை, அவர் மூச்சுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. போகாத தூரம் எங்கே போகிறது என்று கேட்டவர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஆனால் தூரத்து ஐயா அதற்குள் தூரத்தில் இருந்தார்.

வாசல்வரை நான் எட்டிப் பார்த்தேன். அவர் தன் சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்தார். கேட்டைத் தாண்டியதும் கடக், கடக் என்று ஒரு சத்தம். ஐயா இறங்கினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். துணி போர்த்தவில்லை, ரீங்கரிக்கவில்லை. குனிந்து அந்தக் குட்டித் திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனித குலத்தைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் வந்திருக்கும். அடுத்த திங்கட்கிழமை, டாக்டரம்மா வீட்டு வாசலில் ஒரு வரிசை. எல்லோர் கையிலும் சைக்கிள், தலையில் ஹெல்மெட். முதலில் நின்றவர் காப்பீட்டு ஏஜென்ட். காதில் இன்னும் ஊதா போகவில்லை.

"டாக்டரம்மா, உங்க கண்ணாடியை ஒரு தடவை காட்டினாப் போதும்."

"திருகு எங்க இருக்குன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"எந்தப் பக்கம் திருப்பணும்னு?"

"தெரியும். ஆனா உங்க கைராசி வேற இல்லீங்களா. நீங்க தொட்டாத்தான் ஒரு நம்பிக்கை."

உள்ளே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜட்ஜ் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். டாக்டரம்மா வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"முதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க எல்லாரும். உள்ள ஏதாவது இருந்தா, கொஞ்சம் காத்து படட்டும்."

விழுந்தால் தலை உடைந்துவிடக்கூடாதே என்றுதான் ஹெல்மெட் போடுகிறோம். அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பதை, எப்போதாவது வெளியே எடுத்துப் பயன்படுத்திப் பார்த்தால்தான் என்ன?